மாற்ற மாற்றக் கெடும் கிளச்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

முன்னுரை

இயந்திரம் என்றால் தேய்மானம் உண்டு. தேய்ந்த உறுப்பை எடுத்துவிட்டுப் புதிய உறுப்பைப் பொருத்துகிறோம். இயந்திரம் மீண்டும் ஓடுகிறது. ஆனால் புதிதாகப் போட்ட உறுப்பும் சில மாதங்களில் கெட்டுப் போனால் என்ன சொல்வது? மறுபடியும் மாற்றி, அதுவும் கெட்டால்? “சாமான் சரியில்லை” என்பார் ஒருவர். “ஓட்டுகிறவனுக்கு ஓட்டத் தெரியவில்லை” என்பார் இன்னொருவர். “போட்டவன் ஒழுங்காகப் போடவில்லை” என்பார் மூன்றாமவர். மூவரும் காரணத்தைத் தேடவில்லை, குற்றவாளியைத்தான் தேடுகிறார்கள். காரணம் அகப்படாதவரை நான்காவது முறையும் செலவு வரும் என்பது உறுதி.

இதனை விளக்குவதற்குப் பழைய விளையாட்டுக் கார் ஒன்றின் கிளச்சை எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுக்கு அருகிலுள்ள ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்ட எம்.ஜி.பி. என்னும் இருவர் அமரும் கார் அது. ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட இந்தக் காரை இன்றும் பல நாடுகளில் ஆர்வலர்கள் ஓட்டி வருகிறார்கள். இதனைத் தேர்ந்தெடுக்க இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, இதன் அமைப்பு எளிமையானது. நாம் வகுப்பில் படிக்கும் உராய்வும் பாஸ்கல் விதியும் ஆற்றல் மாறாமையும் இதில் கண்ணுக்குத் தெரியும்படி வேலை செய்கின்றன. மற்றொன்று, இக்காரில் கியர்ப் பெட்டியை மட்டும் தனியே இறக்கிக் கிளச்சைத் தொட முடியாது. எஞ்சினையே வெளியே தூக்க வேண்டும். ஒரு தட்டை மாற்ற எஞ்சினைத் தூக்கும் வண்டியில், தவறான முடிவுக்கு விலை அதிகம் அன்றோ?

கிளச்சின் அமைப்பு

எஞ்சினின் பின்முனையில் பிளைவீல் என்னும் கனத்த இரும்புச் சக்கரம் சுழல்கிறது. அதன்மேல் ஒரு மூடி போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கிறது. மூடிக்குள் பிரஷர் பிளேட்டும், அதனை அழுத்தும் டயாப்ரம் ஸ்பிரிங்கும் உள்ளன. டயாப்ரம் ஸ்பிரிங் என்பது நடுவில் விரல் விரலாக வெட்டப்பட்ட, தட்டு வடிவிலான எஃகு வில். பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் இடையில் அகப்பட்டிருப்பதுதான் கிளச் தட்டு. இதன் இருபுறமும் உராய்வு லைனிங் ஒட்டியிருக்கும். எம்.ஜி.பி. காரில் இத்தட்டின் விட்டம் 8 அங்குலம், அதாவது 203 மி.மீ. தட்டின் நடுவிலுள்ள குடம், கியர்ப் பெட்டியிலிருந்து நீண்டு வரும் தண்டின் பல்வரிகளின்மேல் முன்னும் பின்னும் வழுக்கிச் செல்லும்படி அமைந்திருக்கிறது. அந்தத் தண்டின் நுனி, எஞ்சின் தண்டின் கடைசியில் உள்ள சிறிய வெண்கலப் புஷ்ஷில் தாங்கி நிற்கிறது.

காலை எடுத்திருக்கும்போது ஸ்பிரிங் மூன்றையும் ஒன்றாக இறுக்கிப் பிடிக்கிறது. எஞ்சின் சுழற்சி சக்கரத்துக்குப் போகிறது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் எண்ணெயைக் குழாய் வழியே தள்ளுகிறது. அந்த அழுத்தம் கியர்ப் பெட்டியின் வெளிப்புறத்தில் உள்ள ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ள, அது ஒரு கவைக்கோலை அசைக்கிறது. கவைக்கோலின் மறுமுனையில் கிராபைட் வளையம் ஒன்று இருக்கிறது. நமது லாரிகளில் குண்டுகள் அடங்கிய ரிலீஸ் பேரிங் செய்யும் வேலையை இங்கு இந்தக் கரி வளையம் செய்கிறது. அது ஸ்பிரிங்கின் நடுவை அழுத்த, பிரஷர் பிளேட் பின்வாங்கி, தட்டு விடுபடுகிறது. விடுபடும் இடைவெளி ஓரிரு மில்லிமீட்டருக்குள்தான். இவ்வளவு பெரிய வண்டியின் கியர் மாற்றம் முழுதும் அந்தச் சிறு இடைவெளியை நம்பியிருக்கிறது.

கணக்கு சொல்வது என்ன?

கிளச் தாங்கக்கூடிய திருப்பு விசைக்கு ஓர் எளிய சமன்பாடு உண்டு.

திருப்பு விசை = உராய்வுக் கெழு × அழுத்தும் விசை × சராசரி ஆரம் × 2

தட்டுக்கு இரு முகங்கள் இருப்பதால் 2 வந்தது. அழுத்தும் விசை 4,000 நியூட்டன், உராய்வுக் கெழு 0.3, சராசரி ஆரம் 8.7 செ.மீ. என்று கொள்வோம். பெருக்கினால் ஏறத்தாழ 209 நியூட்டன் மீட்டர் வருகிறது. இந்தக் காரின் 1,798 கன செ.மீ. எஞ்சின் தரும் உச்சத் திருப்பு விசை சுமார் 149 நியூட்டன் மீட்டர். ஆகவே நல்ல நிலையில் உள்ள கிளச்சுக்கு ஏறத்தாழ 40 விழுக்காடு உபரி வலிமை இருக்கிறது.

இப்போது தட்டில் சிறிது எண்ணெய் படுகிறது. உராய்வுக் கெழு 0.2 ஆகக் குறைகிறது. தாங்கும் அளவு 139 ஆகிவிடும். அதாவது சாதாரண ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது. மேட்டில், உயர்ந்த கியரில், முழு வேகத்துக்கு மிதிக்கும்போது மட்டும் வழுக்கும். எண்ணெய் இன்னும் ஊறிக் கெழு 0.1 ஆனால் தாங்கும் அளவு 70தான், சமதரையிலும் வழுக்கும். கிளச் வழுக்கல் முதலில் மேட்டில்தான் தலைகாட்டும் என்று ஓட்டுநர்கள் அனுபவத்தில் சொல்வதன் கணக்கு இதுவே.

அடுத்து வெப்பம். எஞ்சின் ஒரே வேகத்தில் சுழல, நின்றிருக்கும் வண்டி கிளச் வழியாக மெல்ல வேகம் பெறுகிறது என்று கொள்வோம். கிளச் கடத்தும் திருப்பு விசை மாறாதிருந்தால், எஞ்சின் கொடுத்த ஆற்றலில் சரிபாதி வண்டியின் இயக்க ஆற்றலாகிறது. மறுபாதி கிளச்சில் வெப்பமாகிறது. 1,000 கிலோ நிறையுள்ள வண்டி நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கிளச் முழுதும் பிடித்துக்கொண்டால், இயக்க ஆற்றல் 12,500 ஜூல். அதே 12,500 ஜூல் கிளச்சில் வெப்பம். பத்துக் கிலோ இரும்பு இதை ஏற்றால் வெப்பநிலை 3 டிகிரி கூட உயராது. ஆனால் எஞ்சினை இருமடங்கு வேகத்தில் இரையவிட்டுப் புறப்பட்டால் வெப்பம் நான்கு மடங்காகும். வேகத்தின் இருமடி அல்லவா கணக்கில் வருகிறது!

இதையும் வழுக்கும் கிளச்சையும் ஒப்பிடுவோம். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் 149 நியூட்டன் மீட்டர் என்றால் திறன் ஏறத்தாழ 47 கிலோவாட். பத்தில் ஒரு பங்கு வழுக்கினால் நொடிக்கு 4,700 ஜூல் வெப்பமாகிறது. ஒரு நிமிடத்தில் 2,80,000 ஜூலுக்கு மேல். அதாவது ஒரு நிமிட வழுக்கல், இருபத்திரண்டு முறை நின்று புறப்படுவதற்குச் சமம். அதே பத்துக் கிலோ இரும்பில் வெப்பம் வெளியேறாவிட்டால் 60 டிகிரிக்கு மேல் சூடு ஏறும். புதுத் தட்டு சில வாரங்களில் கருகுவது எப்படி என்பது இப்போது விளங்கும். தட்டு மோசமானதாக இருக்க வேண்டிய தேவையே இல்லை. அது வழுக்கிக்கொண்டே ஓடினால் போதும்.

நோய் இரண்டு, பெயர் ஒன்று

“கிளச் போய்விட்டது” என்று சொல்கிறோம். இந்த ஒரு சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு பழுதுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று வழுக்கல்: பிடிக்க வேண்டியது பிடிக்கவில்லை. எஞ்சின் இரைகிறது, வண்டி நகரவில்லை. மற்றொன்று விடாமை: விட வேண்டியது விடவில்லை. பெடலை முழுதும் மிதித்தும் தட்டு இழுபடுகிறது. கியர் போடும்போது பற்கள் உராய்ந்து கூச்சலிடுகின்றன. முதலாவதற்குப் பெரும்பாலும் காரணம் தட்டின் பக்கம். இரண்டாவதற்குப் பெரும்பாலும் காரணம் பெடலிலிருந்து தட்டுவரை உள்ள பாதை. இவற்றைப் பிரித்தறியாமல் இரண்டுக்கும் ஒரே மருந்தாகப் புதுத் தட்டைப் போடுவதுதான் திரும்பத் திரும்பப் பழுதாவதன் முதற்காரணம்.

பிரித்தறியும் சோதனைகள் எளியவை. வழுக்கலுக்கு: உயர்ந்த கியரில் மிதமான வேகத்தில் மேட்டில் ஏறும்போது முழுதும் மிதித்துப் பார்க்க வேண்டும். வண்டியின் வேகம் ஏறாமல் எஞ்சின் சுற்று மட்டும் தாவினால் வழுக்கல். விடாமைக்கு: வண்டியை நிறுத்தி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, பெடலை முழுதும் மிதித்துச் சில நொடிகள் காத்திருந்து பின்கியரைப் போட வேண்டும். பின்கியரில் வேகத்தைச் சமன் செய்யும் அமைப்பு கிடையாது. காத்திருந்த பின்னும் பற்கள் உராய்ந்தால், தண்டு இன்னும் சுழல்கிறது என்று பொருள். 1967க்கு முந்திய எம்.ஜி.பி. கார்களில் முதல் கியரிலும் அந்த அமைப்பு இல்லை. ஆகையால் காத்திராமல் போட்டு, வந்த ஓசையைக் கேட்டுக் கிளச்சைக் குறை கூறுதல் தவறு.

எஞ்சினைத் தூக்குமுன்

விடாமை என்று தெரிந்தால் முதலில் எடுக்க வேண்டிய கருவி ஸ்பானர் அன்று, அளவுகோல். ஒருவர் பெடலை மிதிக்க, மற்றொருவர் வண்டிக்கு அடியில் ஸ்லேவ் சிலிண்டரின் தள்ளுகோல் எவ்வளவு நகர்கிறது என்று அளக்க வேண்டும். ஏறத்தாழ அரை அங்குலம் நகர வேண்டும். நகர்ச்சி குறைவாக இருந்தால் பழுது வெளியே. எஞ்சினைத் தொட வேண்டியதில்லை. நகர்ச்சி முழுமையாக இருந்தும் கிளச் விடவில்லை என்றால் பழுது உள்ளே. இரண்டு நிமிட வேலையில் பாதிச் சந்தேகங்கள் நீங்கிவிடுகின்றன.

நகர்ச்சி ஏன் குறைகிறது? எண்ணெயில் காற்றுப் புகுந்திருக்கலாம். காற்று சுருங்கும், எண்ணெய் சுருங்காது. பெடலை இரண்டு மூன்று முறை விரைவாக மிதித்தால் கிளச் நன்றாக விடுகிறது என்றால் இதையோ, மாஸ்டர் சிலிண்டர் சீலையோ ஐயுற வேண்டும். மிதித்தபடியே பிடித்திருக்கும்போது கிளச் மெல்லத் தானே பிடித்துக்கொண்டால், ஏதோ ஒரு சீல் அழுத்தத்தைக் கசியவிடுகிறது. இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சிலிண்டரின் உட்சுவரில் துருக்குழிகளை உண்டாக்கும். குழிவிழுந்த சிலிண்டரில் புது ரப்பரைப் போட்டால் அக்குழிகளின் விளிம்பே ரப்பரை அறுத்துவிடும். இங்கும் அதே கதைதான்: மாற்றிய பொருள் கெடுவதற்குக் காரணம் மாற்றாத பொருள்.

மிக எளிதில் கண்ணுக்குத் தப்பும் உறுப்பு ஒன்று உண்டு. பெடலையும் மாஸ்டர் சிலிண்டரின் தள்ளுகோலையும் இணைக்கும் சிறு ஊசி, அதாவது பின். இது பெடல் பெட்டிக்குள் மறைந்திருப்பதால் யாரும் பார்ப்பதில்லை. பல ஆண்டுகள் மிதித்ததில் பின்னும் துளையும் தேய்ந்து, வட்டத் துளை நீள்வட்டமாகிவிடுகிறது. மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் முக்கால் அங்குலம், ஸ்லேவ் சிலிண்டரின் விட்டம் ஒன்றேகால் அங்குலம் என்று கொண்டால், பரப்புகளின் விகிதம் 2.78. மேலே தள்ளுகோல் 35 மி.மீ. நகர்ந்தால் கீழே 12.6 மி.மீ. நகரும். தேய்மானத்தால் மேலே 3 மி.மீ. வீணானால் கீழே 11.5 மி.மீ.தான். போனது 1 மி.மீ. சுற்று. ஆனால் தட்டு விடுபடும் இடைவெளியே ஓரிரு மில்லிமீட்டர்தான் என்பதை நினைவிற்கொண்டால், அந்த இழப்பு சிறிதன்று என்பது புரியும்.

அப்படியானால் கீழ்முனையில், ஸ்லேவ் சிலிண்டர்ப் பக்கம் உள்ள பின் தேய்ந்தாலும் இதே கேடு வருமா? வராது, இது சிந்திக்கத்தக்கது. கீழே சிலிண்டருக்குள் உள்ள மெல்லிய ஸ்பிரிங் பிஸ்டனை எப்போதும் வெளியே தள்ளி, தள்ளுகோலைக் கவைக்கோலோடு ஒட்டியே வைத்திருக்கிறது. தேய்ந்த இடத்தை எண்ணெய் வந்து நிரப்பிவிடும். லைனிங் தேய்வதையும் இந்த அமைப்பு தானே சரிசெய்துகொள்கிறது. ஆகவே திருகிச் சரிப்படுத்த இக்காரில் ஒன்றும் இல்லை. மேலேயோ பெடலின் ஸ்பிரிங் ஒவ்வொரு முறையும் பெடலைப் பின்னுக்கு இழுத்து, தேய்ந்த இடைவெளியை மீண்டும் திறந்துவிடுகிறது. ஒரே தேய்மானம், ஒரு முனையில் தீங்கு, மறுமுனையில் தீங்கில்லை. உறுப்பைப் பார்த்தால் மட்டும் போதாது, அமைப்பைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இதற்கு எதிர்மாறான குறையும் பெடல் பக்கத்திலிருந்தே வரலாம். மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுதும் பின்வாங்காவிட்டால், எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை திறக்காது. அல்லது வளையும் ரப்பர்க் குழாயின் உட்புறம் ஊறி வீங்கி, எண்ணெய் திரும்பி வரவிடாமல் அடைக்கும். காலை எடுத்த பின்னும் அழுத்தம் உள்ளே தங்கிவிடும். யாரோ எப்போதும் பெடலை லேசாக மிதித்துக்கொண்டிருப்பதற்கு இது ஒப்பானது. புதுத் தட்டு வழுக்கும், கருகும். இதற்கு ஒரு சோதனை: கிளச் வழுக்கும் நிலையில் ஸ்லேவ் சிலிண்டரின் காற்று நீக்கும் திருகைச் சற்றுத் தளர்த்திப் பார்க்க வேண்டும். எண்ணெய் பீறிட்டு வந்து, பிறகு கிளச் பிடித்துக்கொண்டால், குற்றம் தட்டினுடையதன்று.

எண்ணெய் எங்கிருந்து வந்தது?

வழுக்கலுக்கு மிகப் பொதுவான காரணம் எண்ணெய். கிளச் வீட்டின் அடியில் ஒரு சிறு துளையும், அதில் தொங்கும் ஒரு பிளவு ஊசியும் உண்டு. அங்கே சொட்டினால் உள்ளே எண்ணெய் இருக்கிறது என்று அறியலாம். ஆனால் எந்த எண்ணெய்? பல வண்டிகளில் கியர் எண்ணெயை அதன் காட்டமான மணத்தால் அறிவார்கள். எம்.ஜி.பி. காரில் கியர்ப் பெட்டிக்கும் எஞ்சின் எண்ணெயையே ஊற்றுவதால் மணம் உதவாது. கறுத்திருந்தால் எஞ்சினிலிருந்தும், தெளிவாக இருந்தால் கியர்ப் பெட்டியிலிருந்தும் வந்திருக்க வாய்ப்பு அதிகம். பிரித்த பிறகு, நனைந்திருப்பது பிளைவீலின் பின்புறமா, கியர்ப் பெட்டித் தண்டின் பக்கமா என்று பார்த்தால் ஐயம் தீரும்.

இப்போது ஒரு வண்டியைக் கற்பனை செய்வோம். முதல் தட்டு எண்ணெயில் ஊறி வழுக்கியது. தட்டை மட்டும் மாற்றினார்கள். சில மாதங்களில் மீண்டும் வழுக்கியது. இரண்டாம் முறை எஞ்சினின் பின்பக்க எண்ணெய் சீலையும் சேர்த்து மாற்றினார்கள். மீண்டும் வழுக்கியது. மூன்றாம் முறை “சீல் போலி” என்றார்கள். உண்மை என்னவாக இருக்கலாம்? எஞ்சினுக்குள் பிஸ்டனைக் கடந்து சிறிதளவு வாயு எப்போதும் கீழே கசியும். அது வெளியேற மூச்சுக்குழாய் ஒன்று இருக்கிறது. அக்குழாய் கசடால் அடைத்துக்கொண்டால் எஞ்சின் அடிப்பகுதியில் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் எந்தச் சீலையும் கடந்து எண்ணெயைத் தள்ளும். 1964 வரை வந்த மூன்று பேரிங் எஞ்சின்களில் பின்முனையில் ரப்பர் சீலே இல்லை. தண்டில் வெட்டிய திருகுப் பள்ளம்தான் எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பியது. அவற்றில் இந்த அழுத்தம் இன்னும் எளிதாக எண்ணெயை வெளியேற்றும். அடைத்த மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்ய ஆகும் செலவு கொஞ்சம் மண்ணெண்ணெயும் அரைமணி நேரமும். அதைச் செய்யாததால் ஆன செலவு மூன்று கிளச்சு, மூன்று முறை எஞ்சின் இறக்கம்.

பழைய தட்டின் சாட்சியம்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். லாரிப் பட்டறையில் வேலை பார்க்கும் என் மாமா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அவர் பட்டறைப் பையன்களிடம் அடிக்கடி சொல்வது: “பழசு என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டு அப்புறம் புதுசைப் போடுங்கடா.” கழற்றிய தட்டை அவர் உடனே ஓரத்தில் வீசமாட்டார், துடைக்கவும் விடமாட்டார். துடைத்தால் சாட்சியம் அழிந்துவிடும் என்பார். நமது ஆய்வுக்கூடத்தில் அளவீட்டை எழுதுமுன் கருவியைக் கலைக்காதே என்று ஆசிரியர் சொல்வதும் இதுவும் ஒன்றே என்று பின்னர்தான் எனக்கு விளங்கியது. பழைய தட்டிலும் அதன் துணை உறுப்புகளிலும் காணத்தக்கவை வருமாறு:

1. இருமுகமும் சமமாக, உலர்ந்து, ஆணிவரை தேய்ந்திருந்தால்: வழக்கமான தேய்மானம், அல்லது நீண்டநாள் மெல்லிய வழுக்கல். ஓடிய தூரத்தைக் கேட்டால் எது என்று தெரியும்.

2. முகம் கறுத்துக் கண்ணாடிபோல் மின்னினால்: எண்ணெய் பட்டுச் சூட்டில் வெந்தது.

3. பிளைவீலில் நீலத் திட்டுகளும் மயிரிழை வெடிப்புகளும் இருந்தால்: அளவுகடந்த சூடு. அந்தப் பரப்பைக் கடைந்து சமப்படுத்தாமல் புதுத் தட்டைப் போட்டால் அது அதிரும், விரைவில் தேயும்.

4. ஒரு முகம் மட்டும் மிகுதியாகத் தேய்ந்திருந்தால்: குடம் பல்வரியில் தடையின்றி நகரவில்லை, அல்லது ஒரு பக்கத்துப் பரப்பு கெட்டிருக்கிறது.

5. தட்டு நன்றாக இருந்து, கரி வளையம் மட்டும் உலோகம்வரை தேய்ந்திருந்தால்: பெடலின்மேல் கால் ஓய்வெடுத்திருக்கிறது, அல்லது முன்சொன்னபடி எண்ணெய் அழுத்தம் தங்கியிருக்கிறது.

6. குடத்தைச் சுற்றியுள்ள தகடு கிழிந்தோ ஸ்பிரிங்குகள் உடைந்தோ இருந்தால்: எஞ்சினும் கியர்ப் பெட்டியும் ஒரே நேர்கோட்டில் இல்லை, அல்லது பொருத்தும்போது தட்டு வளைந்திருக்கிறது.

7. தள்ளுகோல் முழுதும் நகர்ந்தும் விடாமை இருந்து, தட்டில் குறையில்லை என்றால்: தண்டின் நுனியைத் தாங்கும் வெண்கலப் புஷ் இறுகித் தண்டைச் சுழற்றுகிறதா என்று பார்க்க வேண்டும்.

நெடுநாள் ஓட்டாமல் நிறுத்திவைத்த கார்களில் இன்னொன்றும் நிகழும். குளிர்நாடுகளில் இத்தகைய கார்களைப் பனிக்காலம் முழுதும் கொட்டகையில் நிறுத்திவைப்பார்கள். ஈரத்தில் பிளைவீல் துருப்பிடித்துத் தட்டு அதனோடு ஒட்டிக்கொள்ளும். இது விடாமைபோலவே தோன்றும். தேய்ந்ததால் அன்று, தேயாமல் நின்றதால் வந்த பழுது இது!

பழுதுபார்ப்பே பழுதாகும் விதம்

திரும்பத் திரும்பக் கெடும் கிளச்சில், முந்திய பழுதுபார்ப்பும் ஐயத்துக்குரியதே. எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் இணைக்கும்போது, பெட்டியின் பாரத்தைத் தாங்காமல் தட்டின் குடத்தில் தொங்கவிட்டால், மெல்லிய தட்டு வளைந்துவிடும். கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளியில் சுழல வேண்டிய தட்டில் அரை மில்லிமீட்டர் வளைவு இருந்தாலே அது உராய்ந்துகொண்டிருக்கும். தட்டைத் திருப்பிப் போடுவதும் உண்டு. எந்தப் பக்கம் பிளைவீலைப் பார்க்க வேண்டும் என்று தட்டிலேயே குறித்திருப்பார்கள். மூடியின் போல்ட்டுகளை ஒரே பக்கமாக இறுக்கிவந்தால் மூடி கோணும். எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். லைனிங்கை எண்ணெய்க் கையால் தொடுவதும், பல்வரியில் கிரீசை அள்ளிப் பூசுவதும் புதுத் தட்டுக்கு முதல் நாளே நோயைக் கொடுப்பதாகும்.

இவ்வாறு சொல்வதால் பட்டறைத் தொழிலாளியைக் குறை சொல்வதாகக் கொள்ளலாகாது. அவசரப்படுத்தும் வண்டிக்காரர், தூக்குவதற்குச் சரியான சாதனமில்லாத பட்டறை, பாரத்தைப் பிடிக்க இரண்டாவது ஆள் இல்லாத நிலை ஆகியவையும் காரணங்களே. காரணத்தைத் தேடும்போது இவற்றையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஓட்டுநரைக் குற்றம் சொல்லுமுன்

ஓட்டும் முறையால் கிளச் கெடுவது உண்மையே. பெடலின்மேல் காலை வைத்தபடி ஓட்டுவோர் உண்டு. காலின் பாரத்தில் 20 நியூட்டன் மட்டும் பெடலில் விழுவதாகவும், பெடல் நெம்புகோல் அதை நான்கு மடங்காக்குவதாகவும் கொண்டால், சிலிண்டர்களின் பரப்பு விகிதத்தோடு சேர்த்து ஸ்லேவ் முனையில் 220 நியூட்டனுக்கு மேல் வரும். கவைக்கோல் அதை இன்னும் பெருக்கும். கரி வளையம் ஓயாமல் தேயும். மேட்டில் பிரேக்கைப் பிடிக்காமல் கிளச்சிலேயே வண்டியை நிறுத்தி வைப்பதும் இத்தகையதே.

ஆனால் இதற்கும் சாட்சியம் வேண்டும். கால் வைத்து ஓட்டினால் கரி வளையத்தில் அடையாளம் இருக்கும். இரையவிட்டுப் புறப்பட்டால் பிளைவீலில் சூட்டுத் தடம் இருக்கும். தட்டு எண்ணெயில் ஊறிக் கிடக்கும்போது ஓட்டுநரைப் பழிப்பது நியாயமாகாது. சம்பளத்துக்கு ஓட்டுகிற ஒருவர்மீது இந்தப் பழி விழுந்தால் அவர் வேலையே போகலாம். தேய்ந்த பின்னுக்காகவும் அடைத்த குழாய்க்காகவும் ஒருவர் வருவாயை இழப்பது எவ்வளவு பெரிய அநீதி! அளவுகோலை எடுத்து அளக்கும் இரண்டு நிமிடம், ஒரு மனிதனின் நற்பெயரைக் காக்கக்கூடும்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துக் கூறுவோம். கிளச் இரண்டாம் முறை கெட்டால் புதுத் தட்டு வாங்குமுன், ஒவ்வொரு முறையும் எத்தனை நாள், எவ்வளவு தூரம் ஓடியது, அப்போது என்னென்ன மாற்றப்பட்டன என்பதை எழுதிக்கொள்ள வேண்டும். வழுக்கலா, விடாமையா என்று பிரிக்க வேண்டும். வெளியே அளக்கக்கூடியவற்றை அளந்த பிறகே எஞ்சினைத் தூக்க வேண்டும். பழைய தட்டைத் துடைக்காமல் படிக்க வேண்டும். அது காட்டும் குறைக்கு அப்பால், அக்குறைக்கு எது காரணம் என்று இன்னும் ஒரு படி கேட்க வேண்டும். தட்டு வழுக்கியது எண்ணெயால். எண்ணெய் வந்தது அழுத்தத்தால். அழுத்தம் ஏறியது அடைப்பால். எந்தப் படியில் கேள்வியை நிறுத்துகிறோமோ, அந்தப் படிக்குக் கீழேயிருந்து பழுது மீண்டும் ஏறிவரும்.

நாம் தேர்வுக்காக எழுதும் உராய்வுச் சமன்பாடும் பாஸ்கல் விதியும் பட்டறைத் தரையில் அன்றாடம் மெய்ப்பிக்கப்படுகின்றன. கரும்பலகையில் கற்றவர்களும் கைக்கருப்பில் கற்றவர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். நாம் அவர்களிடம் போய்க் கேட்டால் நமது சமன்பாடுகளுக்கு உயிர் வரும். நமது கணக்கை அவர்களுக்குச் சொன்னால் அவர்களது அனுபவத்துக்கு அளவு கிடைக்கும். நண்பர்களே, அடுத்த முறை ஏதேனும் ஒன்று மாற்ற மாற்றக் கெட்டால், “யார் கெடுத்தார்?” என்பதை விடுத்து, “எதனால் கெட்டது?” என்று கேட்டுத் தொடங்குவோம்.